பதினாலு பேர், ஒரே விலாசம்

மார்ச் 16, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஃபோட்டோஸ்டாட் மெஷின் சூடாகி மூன்று தடவை நின்றது. நான் சூடாகி எத்தனை தடவை கத்தினேன் என்று கணக்கில்லை.

இன்று:
டோனர்.
அம்மாவுக்கு முழங்கால் தைலம்.
படையின் சார்ட்டர் புதுப்பிக்கிற பேப்பர். 31-க்குள்.

மூன்றாவதுதான் தொல்லை. வருடா வருடம் இதே கூத்து. நாங்கள் பதினாலு பேர் ஞாயிறுதோறும் பள்ளிக்கூட வராந்தாவில் கூடி, கட்டுப் போடவும் நெஞ்சை அழுத்தி மூச்சு வரவழைக்கவும் பழகுகிறோம். ஆனால் தாய்ச்சங்கம் மார்ச்சுக்கு மார்ச் அந்தக் காகிதத்தைப் புதுப்பித்துத் தந்தால்தான் நாங்கள் இளைஞர் முதலுதவிப் படை, நான் அதன் தலைவி. தராவிட்டால் வேலைவெட்டி இல்லாமல் ஒருத்தர் கையில் ஒருத்தர் துணி சுற்றுகிற கூட்டம். குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும். பதினாலு இருக்கிறோம். பிறகென்ன பயம்? தெரியவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

மதியம் இசக்கிமுத்து வந்தான். தம்பானூரில் ஓட்டல் சமையல்கட்டில் வேலை. தென்காசிப் பக்கமிருந்து மலையாளத்துக்குப் பிழைக்க வந்தவன், இருபத்திரண்டு வயசு. படையிலேயே கை நேர்த்தி அவனுக்குத்தான். இந்த வருஷம் பொங்காலையில், தெரு முழுக்கப் பெண்கள் பொங்கல் அடுப்பு மூட்டிய புகையில் மயங்கி விழுந்த ஒரு அம்மாவை அவன் தூக்கி வந்து படுக்க வைத்த விதத்தைப் பார்த்து டாக்டரே “மிடுக்கன்” என்று மெச்சினார்.

“யக்கா, புது கார்டு எப்ப வரும்?”

“சார்ட்டர் வந்தாத்தான்ல கார்டு.”

“முந்தாநேத்து ஸ்டேஷன் பக்கம் போலீஸ் நிப்பாட்டிட்டாங்க. ஆதாரப் பாத்துட்டு, ஊரு அங்க இருக்கு, இங்க எதுக்குச் சுத்துதேன்னு கேட்டாரு. நம்ம கார்ட காட்டினேன். ‘ஃபர்ஸ்ட் எய்டோ, செரி, போ’ன்னுட்டாரு.”

பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினான். ஓரமெல்லாம் செலோடேப். மார்ச் 31 வரை செல்லும். இந்த ஊர்ப் பெயரும் அவன் முகமும் ஒன்றாக இருக்கிற ஒரே காகிதம் அவனிடம் அதுதான்.

தைலம் மறந்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

தாய்ச்சங்கத்தின் ஜில்லா ஆபீஸ். ஃபேன் ஓடுகிறது, காற்று வரவில்லை. மோகனன் சார்தான் செக்ரட்டரி. எங்களிடம் பேசும்போது மட்டும் தமிழையும் மலையாளத்தையும் பிசைந்து பேசுவார். நல்ல மனுஷன். இன்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார்.

“கோமதி, இதெந்தா இது? பதினாலு பேருக்கும் ஒரே அட்ரஸ்!”

பார்த்தேன். ‘கேர் ஆஃப் கோமதி ஃபோட்டோஸ்டாட், ஆரியசாலை.’ பதினாலு வரியிலும்.

ஊருக்கெல்லாம் ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்துத்தான் என் பிழைப்பே. எனக்கு இது கண்ணில் படவே இல்லை. ஆரியசாலையில் அப்படித்தானே. கடைக்குப் பின்னால், மச்சுக்கு மேலே, சந்துக்குள் சந்தில் இருப்பவனுக்கு வீட்டு நம்பர் ஏது? கடைப் பெயர் போட்டால் தபால் வரும். பேங்க் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டு நோட்டீஸ் எல்லாம் தபால்காரர் என் மேஜையில் போட்டுவிட்டுப் போவார், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

“கழிஞ்ச வருஷமும் இப்படித்தானே சார் கொடுத்தோம்?”

“கழிஞ்ச வருஷம் ஆரும் பாக்கல. இப்போ ஸ்டேட்லேருந்து ஆர்டர். பேப்பர்ல மாத்ரம் ஆளுள்ள கள்ள யூனிட் நிறைய உண்டு. ஒவ்வொருத்தரும் தாமசிக்கிற ஸ்தலம், வீடோ ரூமோ, ஞான் நேரில் வந்து பாக்கணும். ஞாயிறாழ்ச்ச வராம்.”

கள்ள யூனிட்! எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. “பொங்காலைக்கு எங்கள வெயில்ல நிக்க வச்சப்ப கள்ளம்னு தெரியலையா சார்?” என்று கேட்டே விட்டேன்.

சிரித்தார். “நின்ட ஒரு வாயி! எனக்குத் தெரியும், மோளே. எழுதி வைக்க தெளிவு, ப்ரூஃப், வேணும், கேட்டோ.”

திரும்பி நடந்தே வந்தேன். செருப்பு வார் அறுந்தது. நாள் அப்படி.

மார்ச் 18, புதன்

யார் எங்கே இருக்கிறார்கள்:
சொந்த வீடு, வாடகை வீடு – 5 (நான் உள்பட).
ஜவுளிக்கடை ஹாஸ்டல், பெண்கள் – 3.
குடோன் மச்சு – 6. இசக்கியும் அதில்.

குடோன் என்றால் அண்ணாச்சி குடோன். கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி மொத்த வியாபாரம், திருநெல்வேலிக்காரர். ஆறு பேரும் விடிகாலையில் லாரிச் சரக்கை இறக்கிக் கொடுத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவார்கள். அதற்குப் பதில் மச்சில் படுக்கை. வாடகை கிடையாது.

அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன்.

“நம்ம குடோன்ல ஆளே கெடையாதேம்மா. சரக்கு மட்டுந்தான்.”

“ஆறு பேரு படுக்காங்க அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா?”

“உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆபீசருக்கு எதுக்குத் தெரியணும்? சரக்கு வைக்கத்தான் லைசென்ஸு. நீ எவனையாவது கூட்டிட்டு வந்து மச்சக் காட்டுனே, அன்னைக்கே ஆறு பேரும் மூட்டையக் கட்டிற வேண்டியதுதான். சொல்லிட்டேன். சர்பத் குடிக்கியா?”

குடித்தேன். வெட்கமில்லாமல். நன்னாரி நன்றாகத்தான் இருந்தது.

ஆறு போனால் எட்டு. எட்டு பேருக்குச் சார்ட்டர் கிடையாது. பதினாலு பேர் கார்டும் போச்சு.

மார்ச் 19, வியாழன்

பல் தேய்க்கும்போது வந்த யோசனை: ஆறு பேரும் எங்கள் வீட்டில் இருப்பதாக எழுதிவிட்டால்?

அம்மாவிடம் சொன்னேன். தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

“ரெண்டே ரூம்பு. அதுல ஆறு ஆம்பிளப் பயலுவளா? உனக்கு மாப்பிள்ள பாக்க வாரவன் என்ன நெனப்பான்?”

“மூணு வருஷமா வாரான் வாரான்னு சொல்லுதே. வந்தானா?”

“வாயப் பாரு.”

“ஒரு நாள்தான்மா. ஞாயித்துக்கிழமை காலையில. சார் வருவாரு, பாப்பாரு, போயிருவாரு.”

தோசை கருகியது. அதற்கும் நான்தான் காரணமாம். பிறகு சாயங்காலம் பார்த்தால், பரணிலிருந்து எவர்சில்வர் தட்டு ஆறு இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் ஒரு தட்டை எடுத்துத் தேய்த்தேன்.

மின்சாரம் போய் வந்தது. டோனர் வந்துவிட்டது, தப்பான மாடல்.

மார்ச் 20, வெள்ளி

ஆறு பேரையும் வரவழைத்து ஒத்திகை. யார் எங்கே படுப்பதாகச் சொல்ல வேண்டும், குளியலறை எந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன. ஒருத்தன் குளியலறையைக் காட்டச் சொன்னால் பூஜை அலமாரியைக் காட்டுகிறான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மாவே சிரித்துவிட்டாள்.

சார் பாடத்திலும் கேள்வி கேட்பார் என்று, நான் மோகனன் சார் குரலில் ஆரம்பித்தேன். “இசக்கி, நீ தாமசிக்கிற ஸ்தலத்தில் தீ பிடிச்சா முதல்ல எந்து செய்யும்?”

“வெளிய போற வழியப் பாக்கணும்” என்றான் ஒருத்தன், பாடத்தில் உள்ளபடி.

இசக்கி சிரித்தான். “வழியா? கீழ ஷட்டர அண்ணாச்சி வெளிய பூட்டிட்டுல்லா போவாரு. காலையில அஞ்சு மணிக்குத்தான் தொறப்பாரு.”

“வெளியவா? உள்ள நீங்க இருக்கும்போதா?”

“ஆமாக்கா. சரக்கு களவு போயிருமாம்.”

“தீ பிடிச்சா?”

“கத்துவோம்” என்றான். மற்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கற்பூரம். தீப்பெட்டி. நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், எங்கே போனாலும் முதலில் வாசல் எங்கே என்று பார் என்று. தலையாட்டிக் கேட்டுவிட்டு நேரே போய் அந்த மச்சில் ஏறிப் படுத்திருக்கிறார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் கேட்டிருக்கலாம்.

மார்ச் 21, சனி

எதுவும் ஓடவில்லை. ஒருவர் பத்திரத்தின் முதல் பக்கத்தையே இரண்டு தடவை நகல் எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து திட்டினார். திட்டட்டும்.

பதினொரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அண்ணாச்சியிடம். சாவி ஒன்று உள்ளே இருப்பவர்களிடம் கொடுங்கள், அல்லது உள்பக்கம் பூட்டுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை என்றேன்.

“சரக்கு போச்சுன்னா நீ பொறுப்பா?”

“உயிர் போச்சுன்னா நீங்க பொறுப்பா?”

கடைப் பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி குரல் உயர்த்தவில்லை. “ஒங்க அப்பா எனக்கு நல்ல பழக்கம். அந்த மரியாதைக்கு விடுதேன். போம்மா” என்றார்.

மூன்று மணிக்கு இசக்கி வந்தான். ஓட்டலிலிருந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல்.

“யாருக்கா ஒங்களக் கேக்கச் சொன்னா?”

“இசக்கி, வெளிய பூட்டுதாரு. அதுவும் கற்பூரத்துக்கு மேல...”

“அஞ்சு வருஷமா பூட்டுதாரு. என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. ரூம்பு எடுக்கணும்னா அட்வான்ஸு யாரு குடுப்பா? நீங்களா? நாளைக்கு வந்து நீங்க சொன்ன மாதிரி சொல்லுதோம். கார்ட வாங்கிக் குடுங்க. மத்தத விட்ருங்க.”

அவன் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல். அழுகை வந்தது, மெஷினை ஓடவிட்டு அழுதேன்.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மோகனன் சார் ஒன்பதரைக்கு வந்தார். முதலில் மற்ற வீடுகள், ஹாஸ்டல். எல்லாம் சரி. கடைசியாக எங்கள் வீடு. முன் அறையில் ஆறு பாய், ஆறு தட்டு. கம்பியில் ஆறு துண்டு. நான் வாங்கி வைத்த ஆறு பல் துலக்கும் பிரஷ், ஒன்றுகூட நனையவில்லை. சார் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மா கொடுத்த இட்லியைச் சாப்பிட்டு, “சாம்பார் அசலாயிட்டுண்டு” என்று பாராட்டினார்.

பையன்கள் நன்றாகச் சொன்னார்கள். குளியலறையைக்கூடச் சரியாகக் காட்டினார்கள்.

பிறகு ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். கீழே தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழி: ‘மேற்கண்ட இருப்பிடங்கள் நான் நேரில் அறிந்தவை, பாதுகாப்பானவை.’

பேனா கையில். ‘கோ’ வரைக்கும் எழுதிவிட்டேன்.

மேலே போகவில்லை. இன்றைக்கு இதில் கையெழுத்துப் போட்டால், இன்று இரவு ஷட்டரை இழுத்துப் பூட்டுவதில் என் கையும் இருக்கும். அவ்வளவுதான் தோன்றியது. வேறு பெரிய நியாயமெல்லாம் தோன்றவில்லை.

“சார், இவங்க ஆறு பேரும் இங்க இல்ல” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மச்சு, கற்பூரம், பூட்டு. சொல்லும்போது இசக்கியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

சார் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பல் பிரஷ் கண்டப்போழே மனசிலாயி” என்றார். “ஞான் கண்ணை மூடி கையெழுத்துப் போட்டுப் போயிருப்பேனே, கோமதி. நீ சொல்லிட்டே. இனி கேட்டது கேட்டதுதான். ஃபயர் ஆபீஸ்ல ஞான் சொல்லாம இருக்க முடியாது.”

“சார்ட்டர்?”

“எட்டு பேர் வச்சு எந்து சார்ட்டர்? முப்பத்தொண்ணு வரே சமயம் உண்டு. ஆறு பேருக்கும் ஸ்தலம் கண்டுபிடி. ஞான் வராம்.”

அவர் போன பிறகு ஆறு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். இசக்கி கடைசியில். “நல்லா இருங்கக்கா” என்றான். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

மார்ச் 23, திங்கள்

மதியம் ஒரு மணிக்கெல்லாம் ஆரியசாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஃபயர் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று அண்ணாச்சிக்கு யாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர்கள் வருவதற்குள் மச்சு காலி. பாய், பெட்டி, கொடியில் காய்ந்த சட்டை எல்லாம் தெருவில். பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் போய்ப் பார்க்கத் தைரியமில்லை.

பேசிப் பார்த்த இடங்கள்:
தம்பானூர் லாட்ஜ் மேனேஜர் – முடியாது.
கரமனையில் ஒரு ரூம் – “தமிழ்ப் பணிக்காரா? வேண்டா.”
பள்ளிக்கூட வராந்தா – வாட்ச்மேன் பாவம், வேலை போய்விடும் என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆறு பேர். மூட்டையோடு. யார் வரச் சொன்னது? அம்மா. கடைத்தெருவுக்குத் தைலம் வாங்கத் தானே போனவள், வழியில் இவர்களைப் பார்த்திருக்கிறாள்.

“நேத்து நடிக்கக் கூப்பிட்டே. இன்னைக்கு நெசமாவே வந்து நிக்காங்க. மூஞ்சியப் பாத்துட்டு நிக்காம போயி அரிசி கழுவு.”

“மாப்பிள்ள வீட்டுக்காரன்...”

“வரட்டும். அவனுக்கும் ஒரு தட்டு வைப்போம்.”

எல்லாரும் என்னிடம் பேசினார்கள். இசக்கி மட்டும் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மா கையில் வாங்கிக் குடித்தான்.

மார்ச் 24, செவ்வாய்

கொஞ்சம் மேகம். மழை இல்லை.

மோகனன் சார் ஆபீஸ் போகிற வழியில் வந்தார். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே ஒருத்தன் சட்டைக்கு இஸ்திரி, ஒருத்தன் அம்மாவுக்குத் தேங்காய் துருவுகிறான், குளியலறை வாசலில் வரிசை.

அம்மா விட்டாளா? “ஒருத்தன் குளிக்கப் போனா அரை மணிக்கூறு சார். தொட்டித் தண்ணி முச்சூடும் தீந்துட்டு. இதையும் எழுதிக்கோங்க.”

“இனி வேற தெளிவு வேண்டா” என்றார் சார். ஃபாரத்தை நீட்டினார். உறுதிமொழியில் பாதி எழுதிய ‘கோ’ அப்படியே இருந்தது. மிச்சத்தைப் போட்டேன். அவரும் போட்டார், சீல் வைத்தார். பதினாலு பேர். சார்ட்டர் ஆயிற்று. கார்டு பத்து நாளில்.

சந்தோஷமா? ஒரு நிமிஷம். அப்புறம் வழக்கம்போலப் பிடுங்கல். இரண்டு அறையில் எட்டு பேர் எத்தனை நாள்? வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வது? அண்ணாச்சி இனி என் கடைக்கு ஒரு காகிதம் அனுப்பமாட்டார். இசக்கியிடம் “கார்டு வந்துரும்” என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். எனக்கு அவன் பேச வேண்டும். திட்டினாலும் சரி.

மார்ச் 25, புதன்

அம்மாவுக்குக் காய்ச்சல். தினமும் நாலரைக்கே எழுந்து வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பாள். இன்று எழுந்திருக்கவில்லை. அவளுக்குச் சுக்குத் தண்ணீர் வைக்கலாம் என்று அஞ்சு மணி தாண்டி முன் அறைக்கு வந்து விளக்கைப் போட்டேன்.

ஆறு பேரும் விழித்திருந்தார்கள். பாயைச் சுருட்டி ஓரமாகச் சாத்திவிட்டு, சட்டை போட்டு, மூடிய கதவைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருட்டில்.

“எதுக்குல இப்படி உக்காந்திருக்கீங்க?”

இசக்கிதான், மூன்று நாளைக்கு அப்புறம் என்னிடம் பேசினான்: “தொறக்கட்டும்னு இருக்கோம்க்கா.”

“யாரு தொறக்கட்டும்னு?”

விழித்தான். அவன் தலைக்கு நேரேதான் தாழ்ப்பாள்.

“உள்பக்கந்தானே இருக்கு, இசக்கி.”

எழுந்தான். தாழ்ப்பாளில் கையை வைத்தான். வைத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தான்.

“தொறக்கலாமாக்கா?”